பத்தாவது பிள்ளை கார்மேகம்

கொழுஞ்சிவயல் தொடக்கப் பள்ளிக்கு அந்த மேகம் வந்து சேர்ந்தது மார்கழி பிறந்த ஆறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில். பின்பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக நுழைந்து, வெள்ளாட்டுக்குட்டி அளவில், ஓரமெல்லாம் லேசாகச் சாம்பல் பூத்து, கடைசி பெஞ்சில் நாகஜோதிக்குப் பக்கத்தில் போய் அது உட்கார்ந்தபோது, ஞானசௌந்தரி டீச்சர் வருகைப் பதிவேட்டில் குனிந்துகொண்டு, ஒன்பது பிள்ளைகளை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் பத்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "லேட்டா வந்தா வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வரணும், இது என்ன சந்தையா?" என்றாள். மேகம் எழுந்து வாசலுக்குப் போய் நின்று, பசித்த வயிறு மாதிரி ஒரு சின்ன இடி இடித்தது. "சரி, வா" என்றாள் டீச்சர். அது திரும்பி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், சேர்க்கை முடிந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது டீச்சருக்கு மேகம் தெரியவில்லை, பத்து தெரிந்தது. பிள்ளைகள் பத்துக்குக் கீழே போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவோம், அப்புறம் உங்கள் பிள்ளைகள் கருவேலங்காட்டு வழியாக அஞ்சு கிலோமீட்டர் நடக்கட்டும் என்று மேலிடத்திலிருந்து கடுதாசி வந்து ஒரு மாசமாகியிருந்தது. ஊரிலோ புதிதாகப் பிள்ளை பெறும் உத்தேசத்தில் ஒருத்தரும் இல்லை, பெற்றாலும் அது அஞ்சு வயசாகி வந்து சேருவதற்குள் பள்ளிக்கூடத்தில் வௌவால் குடியிருக்கும். அதனால் டீச்சர் பேனாவை எடுத்து, வரிசை எண் பத்து, பெயர் கார்மேகம், தகப்பனார் பெயர் சமுத்திரம் என்று அழகாக எழுதினாள். நம்ம பக்கத்தில் இந்தப் பேரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எவன் வந்து கேட்பான்?

ஊரும் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஆணா பெண்ணா என்று ரெண்டு நாள் பேச்சு நடந்தது. என்ன சாதி என்று நாலு நாள் நடந்தது, வடக்குத் தெரு வழியாகத்தான் வந்தது என்று வடக்குத் தெருவும், இல்லை, எங்கள் கோயில் மேலே ஒருநாள் பூராவும் நின்றுவிட்டுத்தான் போனது என்று கீழத் தெருவும் பிடிவாதம் பிடிக்க, டீச்சர் பதிவேட்டில் சாதி எழுதுகிற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "கோட்டு மேல கைய வச்சவுக பிள்ளைக்கு டி.சி.யக் குடுத்துருவேன்" என்று சொன்னதும் அடங்கிவிட்டார்கள். சத்துணவு சமைக்கிற ராக்கம்மாளுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "சோத்துப் பானைல வர்ற ஆவிய மட்டும் உறிஞ்சிட்டுப் போயிருது டீச்சர், முட்டையத் தொட மாட்டேங்குது, எந்த வீட்டுப் பழக்கமோ தெரியல" என்று அவள் புலம்பிக்கொண்டே, அதற்கென்று பானையின் மூடியைக் கூடக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பாள்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

ஞானசௌந்தரி டீச்சர் பிள்ளைகளை அடிக்க மாட்டாள். பிரம்பு வைத்துக்கொள்வதும் இல்லை. வாய் இருக்கும்போது பிரம்பு எதற்கு? மூன்றாம் வகுப்பு நாகஜோதிக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏறவே ஏறாது. ஏழு மூணு இருபத்தொன்று வரைக்கும் நல்லாத்தான் வருவாள், அதற்குமேல் தடம் தெரியாத ஊரில் இறங்கிவிட்டதுபோல் நின்றுவிடுவாள். அப்பன் செம்மறிக் கிடையோடு ஊர் ஊராகப் போய்விடுவான், ஆத்தா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பிள்ளை அத்தை வீட்டில் வளர்கிறது. கார்மேகம் வந்த அடுத்த வாரம், ஏழு நாலு எவ்வளவு என்று கேட்டு, பதிலில்லாமல் நின்ற பிள்ளையைப் பார்த்து டீச்சர், "உன் மண்டைக்குள்ள இருக்கது மூளையா களிமண்ணாடி?" என்றாள். உடனே கடைசி பெஞ்சில் மழை பெய்தது. கட்டுரை நோட்டு, பென்சில் டப்பா, சுவரில் மாட்டியிருந்த 'அன்பே வெல்லும்' அட்டை எல்லாம் நனைந்தன. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் டீச்சருக்குத் தலைவலி, கோபம் உச்சிக்கு ஏறி, "உங்க அம்மா உன்னையப் பாக்கப் பிடிக்காமத்தான் திருப்பூர்ல கெடக்கா" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். ரெண்டு வாளித் தண்ணீர் வகுப்பறைக்குள் நின்றது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். நாகஜோதி மட்டும் தண்ணீரிலேயே நின்றாள்.

டீச்சர் விலங்கியல் படித்தவள், எதையும் சோதித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கரும்பலகையைத் திட்டிப் பார்த்தாள், மழையில்லை. கார்மேகத்தையே முறைத்து "சோம்பேறி" என்றாள், அது பாட்டுக்கு மிதந்தது. கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள், ஒரு சொட்டு இல்லை. நாடகம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தமாக, "அடியே கழுதைகளா, சோறு ஆறுது, வாங்கடி" என்று கத்தினாள், மழையில்லை, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார்கள். பூனைக்குட்டியிடம் பேசுகிற மெல்லிய குரலில் ஒருத்தியிடம் "பரவால்லம்மா, உனக்கு இதெல்லாம் வராது, விட்டுரு" என்றாள், சடசடவென்று கொட்டியது. ஆக, சத்தத்துக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. யாருக்காவது மனசு நோக வேண்டும், நொந்தால் பெய்கிறது.

அதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். இன்ன வார்த்தை, இன்ன பிள்ளைக்கு, இத்தனை சொட்டு. குண்டு என்று சொன்னால் தர்ஷனுக்கு ஒன்றுமில்லை, அவன் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வான். அதே வார்த்தை கவிப்பிரியாவுக்குத் தூறல். கறுப்பி என்றால் சுபத்ராவுக்கு அரை டம்ளர். இத்தனை வருஷம் தன் வாயிலிருந்து என்னென்ன வந்திருக்கிறது, எது எங்கே போய் விழுந்திருக்கிறது என்று டீச்சர் முதல் தடவையாக அளந்து பார்த்தாள்.  பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே அண்ணாந்து பார்ப்பார்கள், சொட்டு விழுந்தால், "ஏய், உனக்கு இது வலிக்குமாடி? எனக்குத் தெரியாதுப்பா, இனிமே சொல்லல" என்பார்கள். அன்பைப் பற்றிப் பதினாலு வருஷமாகப் பாடம் நடத்தி வராதது, அண்ணாந்து பார்த்ததில் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் டீச்சர் ஒரு கேள்வியை எழுதி விடையில்லாமல் விட்டிருந்தாள்: 'பெரியவர்களுக்கும் பெய்யுமா? தெரியவில்லை. பெரியவர்கள் நொந்ததை வெளியே காட்டிக்கொள்வதில்லை.'

இதை அவள் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். கண்டுபிடித்தவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? பொங்கலுக்கு மறுநாள் ஊர்க் கூட்டத்தில், பெருமையாக, நோட்டைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

 அந்த வருஷம் ஐப்பசியும் ஏய்த்து, கார்த்திகையும் ஏய்த்து, கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. கண்மாயில் தண்ணீர் இருக்கிற காலத்தில், இன்றைக்கு இன்னார் வயல், நாளைக்கு இன்னார் வயல் என்று முறை வைத்துப் பிரித்துவிடுகிறவர் சோலையப்பன். நல்ல மனிதர், தன் வயல் காய்ந்தாலும் அடுத்தவன் முறையில் கை வைக்காதவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப, மழைக்கு நம்ம கையில வழி இருக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார்.

இந்த ஊருக்குத் தண்ணீர் என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும்: முறை வைப்பது. கார்மேகத்துக்கும் முறை வைத்தார்கள். இன்றைக்கு யார் வயலோ அந்த வீட்டுப் பிள்ளை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கார்மேகத்தைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும், வரப்பில் நிற்க வேண்டும், அப்பன் நாலு வார்த்தை ஏச வேண்டும், செடி நனைந்ததும் பிள்ளைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும். யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை பாருங்கள், எல்லாம் ஒரு ஒழுங்கோடுதான் நடந்தது. டீச்சருக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் வாடின செடியைப் பார்க்கிறபோது, ஒரு அதட்டுத்தானே, பெத்தவுகதானே என்று இருந்துவிட்டாள்.

முதல் முறை நன்றாகப் பெய்தது. ரெண்டாம் முறையில் தூறல்தான். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, அப்பன் வாயைத் திறக்கும்போதே தர்ஷன் முறுக்குக்குக் கையை நீட்டினான். வெறும் நடிப்புக்கு மேகம் பெய்யுமா? அப்போதுதான் யாரோ சொன்னார்கள், நாகஜோதிக்கு மட்டும் பழகவே இல்லை, யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புகிறாள், எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை மாதிரியே நோகிறாள் என்று. பிறகென்ன, எல்லார் முறையும் நாகஜோதியிடமே வந்து நின்றது. அத்தைக்காரி தடுக்கவில்லை. "நம்ம பிள்ளையால ஊருக்கே நல்லது நடக்குதுன்னா நான் என்னத்தச் சொல்ல?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாள் ஆக ஆக, வகுப்பில் நாகஜோதி வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். இருபத்தொன்று வரைக்கும் வந்த ஏழாம் வாய்ப்பாடு பதினாலோடு நின்றது, பிறகு ஏழோடு நின்றது. கார்மேகமும் இளைத்துக்கொண்டே வந்தது. ஆட்டுக்குட்டியாக இருந்தது பூசணிக்காயாகி, பூசணி தேங்காயாகியிருந்தது. பதிவேட்டைச் சரிபார்க்க மாசி முதல் வாரத்தில் அதிகாரி வருகிறார் என்று கடுதாசி வந்தது. இன்னும் நாலு முறை பாக்கியிருந்தது. மேகம் தீர்ந்தால் பள்ளிக்கூடம் போய்விடும் என்றுதான் டீச்சர் முதலில் பயந்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம், எல்லாப் பிள்ளைகளும் விளையாட, நாகஜோதி தன் தட்டுச் சோற்றை மூடாமல் வைத்துக்கொண்டு, அதன் ஆவியைக் கையால் கார்மேகத்தின் பக்கம் விசிறி விசிறி விடுவதையும், சோறு ஆறினபிறகே அவள் சாப்பிடுவதையும் பார்த்தாள். அன்றைக்கு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வேறு வழியாகப் போகிறவள்போல் சோலையப்பன் வயலுக்குப் போனாள்.

வரப்பில் பிள்ளை நின்றாள். தலைக்குமேல் தேங்காய் அளவு கார்மேகம். எதிரே சோலையப்பன், கையில் ஊர்க் கூட்டத்தன்று டீச்சரிடம் வாங்கின நோட்டு. மனுஷருக்குச் சொந்தமாக ஏசத் தெரியாது, நோட்டைப் பார்த்துத்தான் படிப்பார், அதுவும் எழுத்துக்கூட்டி. "உங்க... அம்மா... உன்னையப் பாக்கப்... பிடிக்காம..." என்று அவர் படிக்கப் படிக்க, பிள்ளை பல்லைக் கடித்து, ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு, அண்ணாந்து மேகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"பெய்யாதடா கார்மேகம். எனக்கு வலிக்கவே இல்ல. நெசமாத்தான். பெய்யாத, நீ தீந்துருவ."

கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, அவ்வளவு முயன்றாள். ஆனாலும் மேகத்தை ஏமாற்ற முடியவில்லை. மழை பெய்தது.

டீச்சர் செருப்பு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம் கிடக்க வயலுக்குள் ஓடினாள். மிளகாய்ச் செடிகளை மிதித்தாள். நோட்டைப் பிடுங்கினாள். "என்னங்க இது, நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கத்தினாள்.

சோலையப்பன் முகம் வெளிறி நின்றார்.  "டீச்சர், நீங்க எழுதுனதத்தான நான் படிச்சேன்" என்றார்.

ஆமாம். எழுதினது அவள்தான். பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் வரப்பில் கூடிவிட்டார்கள். டீச்சர் நோட்டைச் சேற்றில் போட்டு, அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு, பிள்ளையின் உயரத்துக்கு வந்தாள். "அது என் வாயில இருந்து வந்த வார்த்தைடா தங்கம். பொய். கோவத்துல சொன்ன பொய். எல்லாரும் இருக்கப்பவே சொல்றேன், தப்பு என் மேலதான்" என்றாள். 

நாகஜோதி அவளையே பார்த்தாள். "அப்ப அம்மா வருமா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாது" என்றாள் டீச்சர். "ஆனா அவங்க போனதுக்குக் காரணம் நீ இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

மழை நின்றது. மிச்சம் இருந்த மேகம் ஒரு இட்லி அளவு. அதைக் கையில் ஏந்தி, தன் எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி பிடித்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு நடந்தாள்.  சோலையப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவர் பெண்டாட்டி மறுநாள் சொன்னாள்.

இதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது தெரியுமா? சிரிக்காதீர்கள். மறுபடியும் முறை வைத்தது. வேறு என்ன தெரியும் அதுகளுக்கு? நாகஜோதியிடம் பிரியமாக இருப்பதற்கு இன்றைக்கு இன்னார் வீடு, நாளைக்கு இன்னார் வீடு என்று சோலையப்பனே வகுத்துக் கொடுத்தார். ஒரு வீட்டில் பணியாரம், ஒரு வீட்டில் தலைபின்னல், ஒரு வீட்டில் கனகாம்பரம். பிள்ளை மிரண்டுபோனாள். "நீ நல்ல புள்ளத்தா" என்று வடக்குத் தெருக்காரர் ஒருவர் மனப்பாடம் ஒப்பிக்கிறதுபோல் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று டப்பாவை எட்டிப் பார்த்தார். மேகம் ஒரு நூல்கூடப் பெருக்கவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. மிளகாய்க்கு ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். பாதி பிழைத்தது, பாதி காய்ந்தது.

எட்டாம் நாள், எந்த வீட்டு முறையும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. குடத்தோடு போன சோலையப்பன் வரப்பில் கால் வழுக்கி, குடத்தோடு விழுந்து, சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த நாகஜோதி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார். "எந்திரிங்க தாத்தா" என்று கையைக் கொடுத்தாள். "உன்னால முடியுமாத்தா?" "முடியும், புடிங்க." அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், டப்பா மூடி தானாகத் திறந்து கிடந்தது. மேகம் விளிம்புக்குமேல் வந்திருந்தது. அன்றோடு சோலையப்பன் முறையை ரத்து செய்தார். அதற்கப்புறம், நினைத்தவர் நினைத்தபோது அவளைக் கூப்பிட்டார்கள், சும்மா பேசினார்கள், மறந்தும் போனார்கள், மற்றப் பிள்ளைகளை ஏசுவதுபோல் "ஏட்டி, வெயில்ல திரியாத" என்று ஏசினார்கள். பதினாலு வந்தது. இருபத்தொன்று வந்தது.

மாசி முதல் வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வாசலிலேயே அவர் போன் அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "சரிங்க சார், தப்புத்தான் சார், சரிங்க சார்" என்று நிறைய நேரம் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னல் கம்பிகளில் ஊரே தொற்றிக்கொண்டிருந்தது. பதிவேட்டைப் புரட்டி, தலைகளை எண்ணி, "பத்தாவது பையன் எங்க? கார்மேகம் யாரு?" என்றார்.

நாகஜோதி எழுந்து டப்பாவைத் திறந்தாள். கார்மேகம் மெதுவாக வெளியே வந்து, அவள் தோள் உயரத்தில் நின்று, முறைப்படி ஒரு சின்ன இடி இடித்தது. இப்போது அது ஒரு கோழியளவு இருந்தது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன வெளாடுறீங்களா? ஏ பாப்பா, கேட்டா பதில் சொல்லாம என்னத்தையோ தொறந்து காட்டுற, உன் மண்டைக்குள்ள இருக்கது மூளையா களிமண்ணா?"

 அதே வார்த்தை. ஜன்னலில் இருந்த அத்தனை கண்ணும் மேகத்தைப் பார்த்தது. சோலையப்பன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாகஜோதி யோசித்துவிட்டுச் சொன்னாள். "மூளைதான் சார். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் இன்னும் பாதி வரல."

ஒரு சொட்டு விழவில்லை. மழையில்லாமல் மிளகாயில் பாதியைப் பறிகொடுத்த ஊர், மழை பெய்யாததைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கைதட்டியது. ராக்கம்மாள் கரண்டியோடு அழுதாள். அதிகாரி ஒன்றும் புரியாமல் விழித்தார்.

அப்போதுதான் கார்மேகம் நகர்ந்தது. பெஞ்சுகளைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அதிகாரியின் தலைக்குமேல் போய் நின்று, ஒரே ஒரு சொட்டு, அப்புறம் இன்னொரு சொட்டு, அவர் திறந்து வைத்திருந்த பதிவேட்டில் விட்டது.

வகுப்பு அண்ணாந்து பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. இது என்னவென்று அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் தெரியும். டீச்சருக்கு நோட்டின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது.

"சார்" என்றாள் நாகஜோதி, "உங்கள யாரும் ஏசுனாகளா?"

 அதிகாரி நனைந்த காகிதத்தை விரலால் ஒற்றினார். "ஆமாம்மா" என்றார் கடைசியில், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில்.

நாகஜோதி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வந்து, முழங்கால் இடிக்க இடிக்க, அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் பதிவேட்டை வைத்து, வருகை பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராக்கம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் போவதற்கு அவசரப்படுவதாகத் தெரியவில்லை, அதனால் டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தாள்.

ஏழாம் வாய்ப்பாடு. எல்லாரும் ராகம் போட்டுச் சொல்லி முடித்ததும், நாகஜோதி தனியாக எழுந்து நின்றாள். ஏழு நாலு இருபத்தெட்டு வந்தது. ஏழு அஞ்சு வந்தது. ஏழு ஆறு கொஞ்சம் தயங்கி வந்தது. ஏழேழு என்று சொல்லி நின்றுவிட்டாள். டீச்சர் அவசரப்படுத்தாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அதிகாரி நேரே பார்த்தபடி, உதடு அசையாமல், "நாப்பத்தொம்போது" என்றார்.

டீச்சருக்குக் கேட்டது. கேட்காத மாதிரி கரும்பலகையை இன்னொரு தடவை துடைத்தாள்.